ஆள் இல்லாத சீனரி

எனக்கு அடுத்து அலவன்திட்டு தொடக்கப்பள்ளியின் சத்துணவுக்கூடச் சாவியை வாங்கிக்கொள்ளப் போகிறவர், நாற்பத்து மூன்று பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்தில் தினமும் நாற்பத்து நான்கு முட்டை ஏன் வேகிறது என்று முதல் நாளே கேட்பார், கேட்கவும் வேண்டும், ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதி இந்தப் பருப்பு டின்னுக்குள் வைத்துவிட்டுப் போகிறேன். என் பெயர் தில்லைநாயகி, பதினோரு வருஷமாக இங்கே அமைப்பாளர். எனக்கு ஒண்ணே ஒண்ணு கண்ணே கண்ணு என்று ஒரு மகள், பெயர் செவ்வந்தி, எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. அவள் அப்பா அவள் நடை பழகுவதற்குள் திருப்பூருக்கு வேலைக்குப் போனவர், போனவர் போனவர்தான். அந்த நாற்பத்து நான்காவது முட்டை அரசாங்க முட்டை இல்லை, என் வீட்டுக் கோழி போட்டது, அதைப் பற்றி யாரும் என்னிடம் வாய் திறக்க வேண்டாம்.

அலவன்திட்டில் மலை கிடையாது. கிழக்கே கடல், மேற்கே உப்பளம், நடுவில் கவிழ்த்த தட்டு மாதிரி எங்கள் ஊர். மழைக்காலத்துக்கு முன்னால் கீற்றுப் போட்டு மூடி வைக்கிற உப்பு அம்பாரம்தான் எங்களுக்குத் தெரிந்த அதிகபட்ச உயரம், அதற்கு அடுத்தது புயல் பாதுகாப்புக் கூடத்து மொட்டைமாடி. ஆனாலும் எங்கள் பிள்ளைகள் மலைதான் வரைவார்கள். எந்த ஊர்ப் பிள்ளை கையில் கலர் பென்சிலைக் கொடுத்தாலும் அது மலையைத்தான் வரையும், மலையைப் பார்த்திருக்க வேண்டும் என்று ஒரு அவசியமும் இல்லை, அதற்குப் பெயர் சீனரி.

செவ்வாயும் வியாழனும் பஸ் ஏறி வருகிற ஓவிய டீச்சர் ஜெசிந்தா நல்ல பெண், சிரித்த முகம், பிள்ளைகளை அடிக்காது. வந்த புதிதில் என் சமையல்கட்டிலிருந்து வெண்டைக்காயை எடுத்துக்கொண்டு போய் குறுக்கே வெட்டி, சாயத்தில் தோய்த்துத் தாளில் அழுத்தி, பூப் பூவாக அச்சு வைக்கக் கற்றுக்கொடுத்தது. அன்றைக்குச் சாம்பாரில் காய் இல்லை. நூலைச் சாயத்தில் நனைத்துத் தாளை மடித்து இழுக்க, பெருவிரல் ரேகையில் கோழிக்குஞ்சு செய்ய, எல்லாம் சொல்லிக்கொடுத்தது. பிறகு இயற்கைக் காட்சி என்று தலைப்புப் போட்டு மாவட்டப் போட்டி ஒன்று வந்தது, அதோடு வெண்டைக்காய்ப் பூ முடிந்துபோய் சீனரி ஆரம்பமானது. மூன்று வாரம் நாற்பத்து மூன்று பிள்ளைகளும் ஒரே குரலில் பாட்டு மாதிரி சொல்லிக்கொண்டே வரைந்தார்கள், எனக்கு அரிசி களையும்போதும் அதுதான் காதில் விழும்: ரெண்டு முக்கோணம் மலை, மலைக்கு நடுவுல பாதிச் சூரியன், சூரியன் காலடியில வளைஞ்சு வளைஞ்சு ஆறு, ஆத்துக்கு இந்தாண்ட குடிசை, அந்தாண்ட தென்னை, மேலே மூணு குருவி, ஆளு வேணாம்.

ஆள் வேண்டாம் என்பது டீச்சரின் கண்டிப்பான சட்டம். ஆளை வரைந்தால் கை கோணும், கால் கோணும், படமே கெட்டுப்போகும், பரிசு போய்விடும் என்று சொல்லியிருந்தது. ஒரு நாள் என் மகள் எழுந்து நின்று கேட்டாளாம்.

"டீச்சர், அந்தக் குடிசைல யாரு இருக்கா?"

"யாரும் இல்ல. வெளிய போயிருக்காங்க."

"எங்க?"

"படத்துக்கு வெளிய. உக்காரு, சூரியனுக்கு மஞ்சள் போடு."

பள்ளிக்கூடத்திலேயே நல்ல சீனரி செவ்வந்தியுடையதுதான் என்று எல்லோரும் சொன்னார்கள், எனக்கு அதில் பெருமை இல்லாமல் இல்லை. நாற்பத்து மூன்று படத்தையும் வராந்தாவில் கயிறு கட்டித் துணி உலர்த்துகிற மாதிரி தொங்கவிட்டார்கள். மறுநாள் காலை அடுப்புப் பற்றவைக்க நான் வந்தபோது, பின்னால் பல் துலக்கிக்கொண்டே வந்த செவ்வந்தி, வாயில் நுரையோடு கிழக்கே கையை நீட்டி, "அம்மா, என் மலை" என்றாள்.

கடலுக்கு நடுவில் இரண்டு மலை நின்றது. பச்சை மலை, முக்கோண மலை, அடியில் பச்சை கொஞ்சம் கோட்டைத் தாண்டியிருந்த மலை. நடுவில் பாதிச் சூரியன், அதிலிருந்து பன்னிரண்டு குச்சி.

கடலுக்குப் போகிறவர்கள்தான் முதலில் போய்ப் பார்த்தார்கள், ஒரு நாள் முழுக்க இன்ஜினை ஓட்டியும் மலை கிட்டே வரவில்லை, ஆனால் திரும்பி வரும்போது கரைக்கு நல்ல அடையாளமாக இருக்கிறது என்றார்கள், அத்தோடு அவர்களுக்கு மலை பழகிவிட்டது. கிராம நிர்வாக அலுவலர் வந்து, வரைபடத்தில் இல்லாத மலையை நான் எப்படிப் பதிவது என்று சத்தம் போட்டுக்கொண்டே வரைபடத்தை விரித்தார், அதிலும் கிழக்கு ஓரத்தில் பச்சை கிரேயானில் இரண்டு முக்கோணம் இருந்தது, சரிதான் என்று மடித்துவைத்துக்கொண்டு போய்விட்டார். பக்கத்து ஊர்க்காரர்கள் வேன் பிடித்து வந்தார்கள், கடற்கரையில் சுண்டல் வியாபாரம் நடந்தது, ஒரு கல்யாணப் பத்திரிகையில் மலையடி அலவன்திட்டு என்றே அச்சடித்தார்கள். சூரியன் மட்டும் அதற்குமேல் ஏறாமல், காலையிலிருந்து சாயங்காலம் வரை அந்த இடுக்கிலேயே பாதியாக உட்கார்ந்திருந்து, அங்கேயே அணைந்தது. உப்பு காய இரண்டு மடங்கு நாள் பிடித்தது. அதற்கும் உப்பளத்துக்காரர்கள், போன வருஷம் மழையால் கெட்டது, இந்த வருஷம் மலையால் கெட்டது, நமக்கு வருஷா வருஷம் ஏதோ ஒன்று என்றார்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஆறு வந்தது. மலையடியில் தொடங்கிக் கடலை வகிடு எடுத்த மாதிரி பிளந்துகொண்டு, மேலத்தெரு வழியாக வளைந்து வளைந்து, என் சமையல்கட்டுக்குப் பின்னால் ஒரு திருப்பம் திரும்பி உப்பளத்துக்குள் போய்விட்டது. அந்தத் தண்ணீரில் கையை விட்டால் ஈரம் ஒட்டாது, சில்லென்று மட்டும் இருக்கும், அதில் மீன் கிடையாது, தவளை கிடையாது. பிறகு வீடுகள் ஒவ்வொன்றாகக் குடிசையாயின, ஒரு கதவு, ஒரு ஜன்னல், ஜன்னலுக்குக் குறுக்கே பெருக்கல் குறி; காங்கிரீட் வீடு கட்டி மேலே கம்பி விட்டிருந்தவர்கள் கொஞ்சம் அழுதார்கள், ஒழுகுகிற வீட்டுக்காரர்கள் அழவில்லை. தென்னை எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தது, மரத்துக்கு நான்கு காய். மேலே மூன்று குருவி வந்து நின்றது, தலை இல்லாத குருவி, சிறகு மட்டும் உள்ள குருவி, கத்தாது, பறக்காது, அப்படியே நிற்கும். எனக்கு முதன்முதலாகப் பயம் வந்தது அந்தக் குருவிகளைப் பார்த்துத்தான். பாட்டின் வரிசை எனக்கும் மனப்பாடம் ஆயிற்றே. குருவிக்கு அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும்.

டீக்கடை வீராசாமி அண்ணன் அதற்கு முந்தின நாள்தான் என்னிடம் சொல்லியிருந்தார்.

"தில்லை, ரெண்டு நாளா காலு சில்லுன்னே இருக்கு. ஆத்துல நிக்கிற மாதிரி."

"சுடுதண்ணில வைங்கண்ணே."

"வச்சிட்டேன். தண்ணி ஆறிப்போவுது, காலு சூடாவ மாட்டேங்குது."

மறுநாள் கடையில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது, பெஞ்சில் நான்கு பேர் டீக்காக உட்கார்ந்திருந்தார்கள், வீராசாமி அண்ணன் இல்லை. வெகுநேரம் பார்த்துவிட்டு அவர்களே டீயைப் போட்டுக் குடித்துவிட்டு, அவன் திருப்பூர் போயிருப்பான் என்றார்கள். எங்கள் ஊரில் ஆள் காணவில்லை என்றால் திருப்பூர்தான், பனியன் கம்பெனி இல்லாமல் வேறு எங்கே போவான் என்பார்கள், அது பாதி நேரம் உண்மையாகவும் இருந்துவிடுவதால் யாரும் அதற்குமேல் யோசிப்பதில்லை. அதற்கு அடுத்த நாள் உப்பளத்து மேஸ்திரியும் அவர் சம்சாரமும் திருப்பூர் போனார்கள். கீழத்தெருவில் நடக்கவே முடியாத ஒரு பக்கவாதக்காரர் திருப்பூர் போனார். தலைமையாசிரியர் ராஜப்பா சார், மேஜையில் மூடி திறந்த பேனாவை வைத்துவிட்டு, ஓய்வுபெற எட்டு மாதம் இருக்கும்போது திருப்பூர் போனார். பத்து நாளில் முப்பத்தொரு பேர். சுண்டல் விற்பவன்கூட, ஊர் என்னமோ முன்னைவிடச் சுத்தமா அழகா இருக்கு என்றான், அவன் சொன்னது நிஜம்.

அந்தப் பத்து நாளும் நான் செவ்வந்தியின் காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் எழுந்ததும் ஒரு முறை, தலை பின்னும்போது ஒரு முறை, மணி அடித்து வரிசையில் நிற்கும்போது ஒரு முறை. "கூச்சமா இருக்கும்மா, விடு" என்று காலை உதறுவாள். அந்தக் கால் சுடச்சுட இருக்கும், எனக்கு உயிர் வரும்.

பதினோராம் நாள் இரண்டு முட்டை மிச்சமானது. நான்காம் வகுப்புக் கோமதியும் இரண்டாம் வகுப்பு அஸ்லமும் வரிசையில் இல்லை. காய்ச்சலாக இருக்கும் என்று வகுப்பு ஆசிரியை சொன்னாள், ஆனால் அவர்கள் தட்டு இரண்டும் கழுவி வரிசையில் அவர்கள் இடத்திலேயே வைத்திருந்தது, தட்டை வைத்துவிட்டு எந்தப் பிள்ளையும் திருப்பூர் போகாது. நான் கரண்டியைப் போட்டுவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் ஜெசிந்தா டீச்சரைத் தேடிக்கொண்டு போனேன்.

"டீச்சர், உங்க படத்துல ஏன் ஆளு இல்ல?"

"என்னக்கா இப்ப வந்து..."

"ஊர்ல ஆளு கொறைஞ்சுக்கிட்டே போவுது. மலை வந்துச்சு, ஆறு வந்துச்சு, குருவி வந்துச்சு. கடைசி வரி என்னா? நீங்கதான சொல்லிக்கொடுத்தீங்க? ஆளு வேணாம்னு நாப்பத்து மூணு புள்ள மூணு வாரமா கத்துச்சே?"

அது அழுதுவிட்டது. சாக்குக்கட்டி ஒட்டிய விரலாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆளு வந்தா படம் கெட்டுப்போவும்னு நான் சொன்னது பொய்க்கா. எனக்கே ஆளு வரைய வராது. டிரெயினிங்ல அதுல மட்டும் ஒவ்வொரு தடவையும் ஃபெயில். பிள்ளைங்க முன்னாடி மானம் போயிடுமேன்னுதான் வேணாம்னேன்" என்றது.

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். தெரியாத ஒன்றைத் தெரியாது என்று சொல்லக் கூசி அந்தப் பெண் சொன்ன ஒரு சின்னப் பொய்யில் எங்கள் ஊர் காலியாகிக்கொண்டிருந்தது. எனக்கு அதை அடிக்கத் தோன்றியது, ஆனால் எனக்குத் தெரியாததை எத்தனை தடவை நானும் இப்படி மறைத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, "கோணலா வந்தா வந்துட்டுப் போவுது, இப்ப வரையச் சொல்லுங்க" என்றேன்.

அன்று மத்தியானமே பாயை விரித்துப் பிள்ளைகளை உட்காரவைத்தோம். வட்டம் தலை, கோடு கை, கோடு கால். டீச்சர் பழக்கதோஷத்தில் ஸ்கின் கலர் எடுங்க என்றது. கிரேயான் பெட்டியில் அந்தப் பெயரில் ஒரு வெளிறிய ரோஸ் நிறம் இருக்கும், அது எங்கள் ஊரில் எவர் தோலுக்கும் பொருந்தாது. முதலில் வந்து சேர்ந்தவர் வீராசாமி அண்ணன், வெந்த இறால் நிறத்தில் கடை வாசலில் நின்றுகொண்டு தன் கையைத் தானே திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதைப் பார்த்ததும் டீச்சர் அந்தக் கலரை எல்லாப் பெட்டியிலிருந்தும் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டு, பிரவுன் எடுங்க, கறுப்பு எடுங்க, உங்க அப்பா என்ன நிறமோ அந்த நிறத்த எடுங்க என்று கத்தியது.

அவர்கள் திரும்பி வந்தார்கள், பிள்ளைகள் வரைந்தபடியே வந்தார்கள். மேஸ்திரிக்குக் கழுத்து இல்லை, அவர் சம்சாரத்துக்கு ஒரு கையில் ஏழு விரல், கூடுதல் விரலிருந்தால் பூக் கட்ட வசதி என்று அவரே சொன்னார். பக்கவாதக்காரரை அவர் பேத்தி இரண்டு காலும் நேராக வரைந்துவிட்டாள், அவர் நடந்து வந்தார். ராஜப்பா சாரை யாரோ ஒருவன் பயத்தில் தென்னை உயரத்துக்கு வரைந்திருந்தான், அவர் குனிந்து குனிந்து அலுவலக அறைக்குள் போனார். ஊர் இதையும் விழுங்கிக்கொண்டது, காணாமல் போனவர் வந்தது பெரிதா, விரல் இரண்டு கூடியது பெரிதா என்று பேசிக்கொண்டார்கள். கோமதியையும் அஸ்லத்தையும் பக்கத்தில் உட்காருகிற பிள்ளைகளே வரைந்து, அவர்களும் வந்து தட்டை எடுத்துக்கொண்டார்கள்.

இனி யாரும் போகாமல் இருக்க எல்லோரையும் வரைந்துவிடுவது என்று முடிவானது. நன்றாக வரையக் கை வந்தவள் செவ்வந்தி என்பதால், அடுத்த ஓவிய வகுப்பு நாளில் அவளை டீச்சர் மேஜையில் தனியாக உட்காரவைத்தார்கள், ஊரே அவள் முன்னால் வரிசையில் நின்றது, மூக்கைக் கொஞ்சம் கூர்மையாப் போடு கண்ணு, பல்லை மறைச்சுடு கண்ணு என்று கெஞ்சியது. என் மகள் முதலில் என்னை வரைந்தாள், பிறகு அறுபது பேரை வரைந்தாள். மற்றப் பிள்ளைகளிடம் டீச்சர், ரெண்டு ரெண்டு பேரா உட்காருங்க, எதிர்ல இருக்கிறவங்கள வரைங்க, கண்ணால பார்க்கிறத வரைங்க என்றது. அவர்களும் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து ஒருவரை ஒருவர் வரைந்தார்கள். சாப்பாட்டு மணி அடித்தது, நாற்பத்து மூன்று முட்டையை வேகவைத்து எடுத்துக்கொண்டு போனேன், வைத்துக்கொண்டே வந்தேன், கடைசியில் ஒன்று தட்டில் நின்றது.

நாற்பத்து மூன்று ஒற்றைப்படை. இருபத்தொரு ஜோடி போக ஒன்று மிஞ்சும். அதை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லும், நாங்கள் ஒருவரும் சொல்லவில்லை. ஊரை வரைந்தவளை யாரும் வரையவில்லை, அவளும் கண்ணால் பார்க்கிறதை மட்டும்தான் வரைந்தாள். டீச்சர் மேஜையில் ஒரு பிரவுன் கிரேயான் உருண்டுகொண்டிருந்தது. நாற்காலியைத் தொட்டேன், சில்லென்று இருந்தது. அன்று காலையில் அவசரத்தில் அவள் காலைத் தொட்டுப் பார்க்க மறந்துவிட்டேன்.

நான் போட்ட சத்தத்தில் மொத்தப் பள்ளிக்கூடமும் எழுந்து நின்றது. டீச்சர் தாளை எடுத்தது, "அக்கா, எனக்கு அவ மொகம் தெரியுது, ஆனா எது எங்க இருக்குன்னு தெரியலையே" என்றது. பிள்ளைகளைக் கேட்டேன், ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். பெற்றவள் நான்தான் வரைய வேண்டும் என்று ஆனது. எனக்குக் கோலம் போட வரும், கோலத்தில் ஆள் கிடையாது. வட்டம் போட்டேன். ரெட்டைச் சடை, சிவப்பு ரிப்பன். முன்பல் ஒன்று விழுந்த இடம். நாலு வயதில் கஞ்சி கொட்டி வலது முழங்கைக்குக் கீழே வெந்த தழும்பு, அதை நன்றாகப் போட்டேன், அதைத்தான் எத்தனை ராத்திரி ஊதி ஊதி உட்கார்ந்திருந்தேன். வலது கையில் ஒரு பென்சில். பிரவுனும் கறுப்பும் கலந்து அவள் நிறம். கீழே கட்டை எழுத்தில் செவ்வந்தி என்று பெயரும் எழுதினேன், வேறு யாரும் அவள் பெயரில் வந்துவிடக் கூடாது என்று.

வந்தாள். வராந்தாத் தூணுக்குப் பின்னாலிருந்து சாதாரணமாக நடந்து வந்து, "பசிக்குதும்மா" என்றாள். கட்டிக்கொண்டு அழுதேன், காலைத் தொட்டேன், சூடாக இருந்தது. தட்டில் இருந்த முட்டையை எடுத்து இடது கையால் தின்றாள்.

என் மகள் சோற்றுக்கைக்காரி. வந்தவளுக்குத் தழும்பு இடது கையில் இருந்தது. எதிரில் நிற்கிறவளின் வலது என் தாளில் இடப்பக்கம் வரவேண்டும் என்பது எனக்குத் தெரியவில்லை. என் வலதுதான் அவள் வலது என்று போட்டுவிட்டேன். சமாதானம் சொல்லிக்கொள்ளலாம்தான், மேஸ்திரிக்குக் கழுத்தே இல்லை, இவளுக்குக் கைதானே மாறியது. ஆனால் செவ்வந்தி முட்டையில் மஞ்சள் கரு தின்ன மாட்டாள், பிறந்ததிலிருந்து தின்றதில்லை, உருண்டையாக அப்படியே எடுத்து என் வாயில் போடுவாள். வந்தவள் அதையும் தின்றுவிட்டு விரலை நக்கினாள். மஞ்சள் கரு பிடிக்காது என்பதை நான் எந்தக் கலரில் வரைந்திருக்க முடியும்?

அடுத்த வியாழக்கிழமை, மலையை அனுப்பிவிடலாம் என்று ஊர் கூடி முடிவு செய்தது. கயிற்றில் தொங்கிய நாற்பத்து மூன்று சீனரியையும் அவரவர் கையில் கொடுத்து ரப்பரால் அழிக்கச் சொன்னது டீச்சர். கிரேயான் ரப்பரில் அழியாது என்று எல்லோருக்கும் தெரியும், அன்றைக்கு அழிந்தது, வந்தபோது கேட்காத கேள்வியைப் போகும்போது கேட்பானேன். கடற்கரை முழுக்கப் பச்சையாக ரப்பர்த் துகள் ஒதுங்கியது, வீடுகள் கம்பி நீட்டிக்கொண்டு திரும்பின, சூரியன் உச்சிக்கு ஏறியது, பெண்கள் குலவையிட்டார்கள். அப்போது இடது கையில் ரப்பரைப் பிடித்துக்கொண்டு என் மகள் கூப்பிட்டாள்.

"அம்மா, இதுல ஒரு புள்ள நிக்கிது."

அவள் கையில் இருந்தது, ஊர் காலியாவதற்கு முன்னால் செவ்வந்தி வரைந்த சீனரி. குடிசை வாசலில், யாரும் வரையாத இடத்தில், நகத்தளவு ஒரு பெண்பிள்ளை. ரெட்டைச் சடை. வலது கையைத் தூக்கி ஆட்டுகிற மாதிரி நின்றாள், அந்தக் கையில் தழும்பு.

ரப்பரைப் பிடுங்கினேன். தாளை மார்போடு வைத்துக்கொண்டேன். ஊர் என்னை ஏசியது, ஒரு தாளுக்காக மொத்த ஊரையும் பணயம் வைக்கிறாளே என்றது. "உங்க புள்ள நிக்கிற படத்த நீங்க அழிச்சுக் காட்டுங்க, நான் இத அழிக்கிறேன்" என்றேன், அத்தோடு அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அதனால்தான் இன்றைக்கும் கடலில் வெகுதூரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு முக்கோணம் தெரிகிறது, சமையல்கட்டுக்குப் பின்னால் ஒரு சாண் அகலத்தில் அந்த ஆறு ஓடுகிறது. தினமும் சாப்பாடு முடிந்ததும் நாற்பத்து நான்காவது முட்டையைக் கொண்டுபோய் அதன் கரையில் வைப்பேன். மறுநாள் ஓடு தனியாகக் கிடக்கும், வெள்ளை இருக்காது, மஞ்சள் கரு மட்டும் உருண்டையாக இருக்கும். காக்கா தின்றிருக்கும் என்பார்கள். மஞ்சள் கருவை அம்மாவுக்கு என்று வைத்துவிட்டுப் போகிற காக்காவை நான் பார்த்ததில்லை. அதை எடுத்து நான் தின்பேன்.

இந்தச் செய்தி வீட்டில் இருக்கிறவளுக்கும் தெரியும். அவள் கெட்டிக்காரி, என் மகள்தானே. இந்த வாரம் செவ்வாய்க்கிழமை ஓவிய வகுப்பு முடிந்து, அரிசி மூட்டைக்கு அடியில் நான் ஒளித்துவைத்திருந்த அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"அம்மா, திட்டாத. அந்தப் புள்ள தனியா நிக்கிதுல்ல, பாவமா இருந்துச்சு. அதான் பக்கத்துல உன்ன வரைஞ்சிட்டேன்."

பார்த்தேன். குடிசை வாசலில் நகத்தளவுப் பிள்ளை, அதன் கையைப் பிடித்துக்கொண்டு நான், கொண்டை, கண்டாங்கிச் சேலை, இடுப்பில் சாவி. ஆள் அருமையாக வந்திருந்தது, ஒரு விரல்கூடக் கூடவில்லை, குறையவில்லை. நன்றாக இருக்கிறது என்று சொல்லி அவள் தலையைத் தடவினேன். வேறு என்ன சொல்வது? அவள் நல்லதுதான் செய்தாள்.

நேற்றிலிருந்து கால் சில்லென்று இருக்கிறது. சுடுதண்ணீரில் வைத்துப் பார்த்தேன், தண்ணீர் ஆறிப்போகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது, அங்கே போக ஒரு காலும் இங்கேயே இருக்க ஒரு காலும் தவிக்கிறது, இரண்டுமே ஒரே மாதிரி ஆறிக்கொண்டு வருகின்றன. அங்கே நிற்கிறவளுக்கு நான் வேண்டும். இங்கே இருக்கிறவளும் என்னைத்தான் அம்மா என்று கூப்பிடுகிறாள், என் கையால் வந்தவள், இவளை விட்டுவிட்டு எப்படிப் போவேன்? இரண்டாவது தடவையாக என்னை இங்கே வரைந்துவிடச் சொல்லி டீச்சரிடம் கேட்டேன். "முயற்சி பண்றேன்க்கா" என்றது, முகத்தைப் பார்த்தால் நம்பிக்கை வரவில்லை.

வரப்போகிற அமைப்பாளரே, சாவி ஆணியில் மாட்டியிருக்கிறது, என் கோழியைச் சமையல்கட்டில் கட்டியிருக்கிறேன். சமையல்கட்டுக்குப் பின்னால் முட்டை வைப்பதை நிறுத்த வேண்டாம், இனி அங்கே மஞ்சள் கருவும் மிஞ்சாது என்று நினைக்கிறேன். மூன்றாம் வகுப்பில் செவ்வந்தி என்று ஒரு பிள்ளை இருக்கும். அதன் காலைத் தினமும் ஒரு தடவை தொட்டுப் பாருங்கள், கூச்சப்படும், பரவாயில்லை. அது இடது கையால்தான் சாப்பிடும். யாரும் திட்டாதீர்கள்.